நாலு அகல டயர் விற்பனைக்கு

வாங்க வாங்க. செருப்போடவே வாங்க, இது குடோன்தானுங்க. அந்தியூர்ல இருந்து போன் பண்ணுனது நீங்கதான? நான்தான் அர்த்தநாரி. சாமியானா, சேர், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு உடறது நம்ம கடை. கோபி சுத்துவட்டாரத்துல நடக்கற கல்யாணம், காதுகுத்துல பாதி என்ற பந்தலுக்குக் கீழதான் நடக்குது. மீதிப் பாதியெல்லாம் விசேஷத்துலயே சேராதுங்க.

காப்பி தர முடியாது, தப்பா நெனைக்காதீங்க. வீட்ல ஆளில்ல. நம்ம சம்சாரம் கோகிலா காலைல ஆறு மணிக்கே கெளம்பிப் போயிட்டா. எங்க போனான்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல.

வேட்டியா? இது சும்மா கட்டுனதுங்க. கடைக்காரன்னா வெள்ளை வேட்டி கட்டக் கூடாதா? பட்டுக் கரை போட்டிருந்தா என்ன? பீரோவுக்குள்ளயே கெடந்து மக்குதேன்னு எடுத்துக் கட்டுனன். சவரம் பண்ணறதும் தெனமும் பண்ணறதுதான்.

வெளிய நிக்கறது உங்க வண்டிங்களா? நம்முளுதும் அதே வண்டிதான், அதே ஏழு சீட்டு. கலர்கூட ஒண்ணுதான் பாருங்க. ஆனா உள்ளதச் சொல்றன், கோவிச்சுக்காதீங்க. அந்த டயரு என்னங்க டயரு? யானைக்கு ஆட்டுக் கால ஒட்ட வெச்சாப்புல இருக்குது. இத்தாப் பெரிய வண்டிக்கு மொபெட்டு டயராட்டம் மாட்டி உட்டிருக்கறான் கம்பெனிக்காரன். ஏன் மாட்டறான்? மிச்சம் புடிக்கத்தான். கேட்டா மைலேஜு, பேலன்ஸுன்னு ஒரு புத்தகத்த எடுத்து நீட்டுவான். அந்தப் புத்தகம் எழுதுனவன் நம்மூர் ரோட்டுல ஒரு நாள் வண்டி ஓட்டியிருப்பானா? ஏசி ரூம்ல உக்காந்து எழுதுனவன்தான?

இங்க பாருங்க, இதுதான் டயரு. கம்பெனி போட்டது எரநூத்தி முப்பத்தஞ்சு, இது எரநூத்தி அறுவத்தஞ்சு. ஒவ்வொரு டயரும் ஒண்ணரை விரக்கட அகலம் எச்சு. கையை வெச்சுப் பாருங்க, பட்டன் தேயவே இல்ல பாருங்க, முள்ளு மாதிரி இருக்கற அந்த ரப்பர் மயிருகூட உதுரல. ஓடுனது நானூறு கிலோமீட்டர், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். நாலும் புதுசுதான்.

அதையேனுங்க திருப்பறீங்க? அது செவுத்துப் பக்கம் பாத்து நிக்கறது சும்மா நிக்கறதுங்க. அட, அது ஒரு சிராய்ப்பு. ஓரத்துல லேசா. ரெண்டு விரல் உள்ள போகுதா? உங்க விரல் ஒல்லி. அது டயர்ல இருக்கற குத்தமில்லீங்க, டயரு சிங்கம். மத்தவங்க பண்ணுன குத்தம்.

ஏன் விக்கறன்னு போன்லயே கேட்டீங்க. நேர்ல வாங்க சொல்றன்னு சொன்னன். உக்காருங்க, அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க. மணி என்ன ஆச்சு? எட்டு அம்பதா? இருக்குது, நேரம் இருக்குது.

நம்பியூர்ல ஒரு கல்யாணம். பந்தல் நம்முளுது. வாசல்ல வண்டிய நிறுத்திப் போட்டு வேலையப் பாத்துட்டிருக்கறன். சமையல்காரன் ஒருத்தன், பேரு வேண்டாம், சோத்துல உப்புப் போடத் தெரியாதவன், ஊரே கேக்கற மாதிரி சொல்றான்: “அண்ணன் வண்டி முன்னால இருந்து பாத்தா மந்திரி வண்டி, பின்னால இருந்து பாத்தா ஷேர் ஆட்டோ.” சிரிச்சானுங்க எல்லாரும். எலை போடறவன் சிரிக்கறான், தண்ணி ஊத்தறவன் சிரிக்கறான். எங்க மாப்பிள்ளை லோகநாதன், என்ற கூடப் பொறந்தவ வீட்டுக்காரர், ஒரு காலேஜ்ல வாத்தியார், அவரும் சிரிச்சாருங்க. கர்ச்சீப்ப வாய்ல வெச்சுட்டுத்தான் சிரிச்சாரு. அதென்ன மரியாதையோ.

அன்னிக்கு முடிவு பண்ணுனன், டயர மாத்தறதுன்னு. இதுல ஒரு தப்பும் இல்லையே? காசு என்றது, வண்டி என்றது.

நேரா தம்பி கடைக்குப் போனன். என்ற தம்பி தங்கமுத்து. சத்தி ரோட்டுல வீல் அலைன்மென்ட் கடை வெச்சிருக்கறான். இருவது வருசமா டயரோடதான் குடும்பம் நடத்தறான். பேச மாட்டானுங்க. நாம நாலு வார்த்தை கேட்டா அவன் அரை வார்த்தை சொல்லுவான், அந்த அரை வார்த்தையும் “வேண்டாம்”னுதான் இருக்கும். நான் போய் எரநூத்தி அறுவத்தஞ்சுன்னு சொன்னதும் சாக்பீஸ எடுத்தான். சக்கரத்துக்கு மேல, மட்கார்டுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் ஒண்ணு இருக்குமில்லீங்க, அதுல ஒரு கோடு இழுத்தான்.

“அண்ணா, இங்க இடிக்கும்.”

“எவன்டா சொன்னது?”

“நீ ஒருத்தனா நேரா ஓட்டுனா இடிக்காது. ஏழு பேர் ஏறி, வண்டி அமுங்கி, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சியின்னா இடிக்கும். வேணும்னா எரநூத்தி நாப்பத்தஞ்சு போட்டுக்கலாம். நான் போட்டுத் தர்றன்.”

பத்து எச்சா போடறதுக்கு எதுக்குங்க டயரு மாத்தோணும்? எட்டத்துல இருந்து பாத்தா ஒரு கெரகமும் தெரியாது. அதச் சொன்னன். அதுக்கு அவன் சொல்றான், என்ற பேச்சு மேல நம்பிக்கை இல்லீன்னா ஒரு ஜதை மட்டும் மாட்டித் தர்றன், ஏழு மணல் மூட்டைய ஏத்தி இந்த வாசல்லயே ஒரு வட்டம் அடிச்சுப் பாருங்கறான். மணல் மூட்டை! என்ற வண்டி என்ன குட்டியானையா, மூட்டை ஏத்தறதுக்கு? அன்னிக்கு அவன் கடையில நாலு பேர் நின்னுட்டிருந்தாங்க. அத்தன பேர் முன்னால சொன்னன்: “நீ சாக்பீஸ் புடிச்சே செத்துப் போவ. ஒரு நல்ல டயரு மாட்டற யோக்கியதை உன்ற கைக்கு இல்ல.” அவன் சாக்பீஸப் பாக்கெட்ல போட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டான். அவ்வளவுதான் ரோசம்.

நான் ஈரோடு போனன். அது கடை. உக்கார சோபா, குடிக்க லெமன் ஜூஸ். நான் நம்பரச் சொன்னதும், “சார் டேஸ்ட்டே தனி சார்”னான் அந்தப் பையன். மணலும் கேக்கல, மூட்டையும் கேக்கல. ஒரு மணி நேரத்துல நாலும் மாட்டியாச்சு. பழைய டயர் நாலும் நீங்களே வெச்சுக்கங்கன்னு தூக்கி எறிஞ்சுட்டு வந்தன். ஸ்டெப்னிக்கும் இதே அகலத்துல ஒண்ணு வாங்கிக்கங்க சார்ன்னாங்க. வண்டிக்கு அடியில தொங்கறத எவன் பாக்கறான்? வேண்டாம்னுட்டன்.

அப்பறம் நானூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தனுங்க. சும்மா சொல்லக் கூடாது, தொட்டிலாட்டம் போச்சு. எங்க ஓட்டுனனா? பைபாஸ்லதான். ஆளா? நான் மட்டும்தான். டயர ஓட்டிப் பாக்கறதுக்கு ஊரையே ஏத்திட்டா போவாங்க? ஒரு சத்தம் இல்ல, ஒரு உரசல் இல்ல. தம்பிக்குப் போன் பண்ணி, “எங்கடா இடிக்குது?”ன்னு கேட்டன். “சரீங்ணா”ன்னுட்டு வெச்சுட்டான்.

இப்ப விசயத்துக்கு வர்றன். எங்களுக்கு ஒரே பொறந்தவ, பூங்கோதை. மூணு பேர்ல கடைசி. அப்பன் போனப்ப அவ பத்தாவது படிச்சிட்டிருந்தா. படிக்க வெச்சது, கட்டிக் குடுத்தது எல்லாம் நான். கல்யாணம் ஆகி ஒம்போது வருசம் கொழந்தை இல்ல. அவ ஏறாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. ஒம்போது வருசம் கழிச்சு ஒரு பொண்ணு, ஆதிரைன்னு பேரு. ஆஸ்பத்திரியில மொதல்ல வாங்குன கை என்ற கைதான். எனக்குக் கொழந்தை குட்டி கெடையாது, அதையும் சொல்லிப் போடறன். சொல்லாம என்ன.

அந்தப் புள்ளைக்கு மொட்டை அடிச்சுக் காது குத்தோணும். லோகநாதன் வீட்டுக் கொலதெய்வம் உங்க ஊரத் தாண்டி அக்கட்டால, கரட்டு மேல இருக்கற கருப்பராயன். உங்களுக்குத் தெரியாம இருக்காது. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தறது, அதுவும் உங்களுக்குத் தெரியும். ரெண்டு மாமன் இருந்தா மூத்தவன் மடிதான். மூத்தவன் இல்லாட்டித்தான் எளையவன். அதனால எரநூறு காதுகுத்துக்குப் பந்தல் போட்ட இந்த அர்த்தநாரி, மொத மொதல்ல மணையில உக்காரப் போறன். சின்னதா ஒரு ஜதை தோடு, செகப்புக் கல்லு வெச்சது, நானே ஆசாரிகிட்ட உக்காந்து செஞ்சு வாங்குனன்.

போன மாசத்துக்கு முந்தின மாசம், ஒரு வெள்ளிக்கெழமை. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும், அதுக்குள்ள குத்தோணும். தம்பி அண்டா குண்டாவ எல்லாம் அவன்ற டப்பா வேன்ல ஏத்திட்டு விடிகாலைலயே மேல போயிட்டான். நம்ம வண்டியில ஏழு பேர். நான், கோகிலா, பூங்கோதை, மாப்பிள்ளை, அவரைப் பெத்தவங்க ரெண்டு பேர், லோகநாதனோட பெரியப்பா. அந்தப் பெரியப்பா ஒருத்தரே ரெண்டு ஆளு. பின்னால சீர்த்தட்டு, தேங்கா, பழம், ஒரு மூட்டை அரிசி. ஆதிரை பூங்கோதை மடியில. எனக்குப் பின்னால உக்காந்துட்டு வழி பூரா என்ற காதைப் புடிச்சு இழுத்துட்டே வருது. நான் கத்தற மாதிரி கத்துவன், அது சிரிக்கும். மறுபடியும் இழுக்கும்.

கரட்டுல ஏற ஆரம்பிச்சமுங்க. நாலு கொண்டை ஊசி வளைவு. மொத வளைவுல ‘கர்ர்ர்’ருன்னு ஒரு சத்தம். கோகிலா, “என்னங்க அது?”ங்கறா. புது டயரு அப்புடித்தான் செட் ஆகும்னு சொன்னன். ரெண்டாவது வளைவுல சத்தம் எச்சாச்சு. நான் பாட்டுச் சத்தத்தக் கூட்டி வெச்சன். ரப்பர் கருகற வாசம் வருதுங்கறாரு பெரியப்பா. மலைக்காத்துங்க, யாரோ குப்பை எரிக்கறாங்கன்னன். அவருக்கு மூக்கு ரொம்ப நீளம். வந்த எடத்துல வாய மூடிட்டு வரோணும்ல?

மூணாவது வளைவு. முழுசா ஒடிச்சனுங்க. ‘படார்’னு ஒண்ணு. அந்தப் பிளாஸ்டிக் பிஞ்சு சக்கரத்துக்குள்ள சுத்திருச்சு, உள்ள இருந்த கம்பி டயரு ஓரத்தக் கிழிச்சிருச்சு. ஸ்டியரிங்கு இந்தப் பக்கமும் வர்ல, அந்தப் பக்கமும் வர்ல. வண்டி ரோட்டுக்குக் குறுக்கால நிக்குது. கீழ இருந்து ஒரு மினி பஸ்ஸு, ஆடு ஏத்துன வண்டி ரெண்டு, பைக்கு ஒரு பத்து. எல்லாவனும் ஆரன் அடிக்கறான். ஆட்டு வண்டிக்காரன் எறங்கி வந்து டயரப் பாத்துட்டு, “இது யாருங்க இந்த அகலத்துல போட்டது?”ங்கறான். ஆடு மேய்க்கறவன் எனக்கு டயரு சொல்லித் தர்றான் பாருங்க. காலம் அப்புடி இருக்குது.

மணி ஒம்போதே முக்கால். மாப்பிள்ளை கோயில்ல இருந்த தம்பிக்குப் போன் போட்டாரு. தம்பி வேன எடுத்துட்டு எறங்கி வந்தான். வந்தவன் குனிஞ்சு சக்கரத்துக்குள்ள பாத்தான். அவன் கோடு இழுத்த எடமிருக்குதே, அதே எடம். சாக்பீஸ் கோடு பாதி அப்புடியே இருக்குது, பாதி பிஞ்சு தொங்குது. நான் அவன் வாயையே பாத்துட்டு நிக்கறன். ‘அப்பவே சொன்னனே’ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா, நான் பதிலுக்கு ஒம்போது வார்த்தை சொல்லி அவனை நாறடிச்சிருப்பன். சொல்லலீங்க. அதான் அவன்ற திமிரு.

“எல்லாரும் வேன்ல ஏறுங்க. அண்ணா, நீயும் ஏறு. வண்டிய அப்பறம் பாத்துக்கலாம்”னான்.

எடம் இருந்துச்சுங்க. அண்டா இருந்த எடம் காலிதான். முன்சீட்டுல எனக்குன்னு துண்டப் போட்டுக்கூட வெச்சிருந்தான். நான் ஏறுவனா? நீங்களே சொல்லுங்க. தாய்மாமன், சீர் கொண்டு வர்றவன், எண்ணெய்ப் பிசுக்கு நாத்தம் அடிக்கற அந்த டப்பாவுல போய் எறங்கறதா? மேல எரநூறு பேர் நிக்கறான், அந்த உப்புப் போடத் தெரியாத சமையல்காரன் உள்பட. “நீங்க போங்க. ஸ்டெப்னிய மாட்டிட்டுப் பத்தே நிமிசத்துல என்ற வண்டியிலயே வர்றன்”னன். பூங்கோதை, “அண்ணா, வாண்ணா, நேரமாச்சு”ன்னு கையப் புடிச்சு இழுத்தா. உதறிட்டன். அந்தப் புள்ள வேன் கண்ணாடியில இருந்து கையை நீட்டி நீட்டி என்ற காதைத் தேடுது. வேன் போயிருச்சு.

பத்து நிமிசத்துல மாட்டியிருப்பனுங்க. மேட்டுல ஜாக்கி நிக்க மாட்டீங்குது. சக்கரத்துக்குள்ள சுத்துன பிளாஸ்டிக்க அறுக்கறதுக்குக் கத்தியில்ல. அந்த ஆட்டு வண்டிக்காரன்தான் அருவா குடுத்தான், மாட்டியும் குடுத்தான், அது வேற விசயம். ஸ்டெப்னி பழைய அகலம், மத்த மூணும் புது அகலம். முன்னால ஒரு பக்கம் தாழ்ந்து, வண்டி நொண்டிக்கிட்டே ஏறுது. நான் மேல போய்ச் சேர்றப்ப பத்து அம்பது.

என்ன நடந்துச்சுன்னு அப்பறம் கோகிலா சொன்னா. நான் கேக்கல, அவளாச் சொன்னா. பத்தே கால் வரைக்கும் தம்பி உக்கார மாட்டீன்னு நின்னிருக்கறான். அண்ணன் வருவாரு, அண்ணன் வருவாருன்னு ரோட்டையே பாத்துட்டு நின்னிருக்கறான். ஆசாரி, ராகு காலம் வந்துரும்னு சத்தம் போட்டிருக்கறாரு. பெரியவங்க எல்லாரும் சேந்து புடிச்சு மணையில உக்கார வெச்சிருக்கறாங்க. பொண்ணுப் புள்ளைன்னா எடது காதுதான மொதல்ல? எடது காது குத்தி, ஆசாரி கம்பிய மாட்டி உட்டுட்டாரு. வலது காதுக்கு ஊசியத் தூக்கறப்ப தம்பி கையக் குறுக்கால வெச்சுட்டானாமுங்க. “இது எங்கண்ணனுக்கு. அவரு வரட்டும்.”

எப்புடி இருக்குது பாருங்க கதை. மொத காது அவனுக்கு, மீதிக் காது எனக்கு. பந்தியில மிச்சம் மீதி எடுத்து வெக்கறாப்புல.

நான் போய் எறங்குனதும் லோகநாதன் ஓடி வந்து, “மச்சான், பன்னெண்டு மணிக்கு மேல நல்ல நேரம் இருக்குது, வலது காதை உங்க மடியில வெச்சுக் குத்திக்கலாம், வாங்க”ங்கறாரு. எல்லாரும் என்ற மூஞ்சியப் பாக்கறாங்களா, டயரப் பாக்கறாங்களான்னு பாத்தன். டயரத்தான் பாக்கறாங்க. “அரை மடி எனக்கு வேண்டாம். குத்துன மடியிலயே முழுசாக் குத்திக்கங்க”ன்னு சொல்லிப் போட்டு வண்டியத் திருப்பிட்டன். திருப்பறப்பவும் அது ‘கர்ர்ர்’ருன்னு ஒரு சத்தம் போட்டுச்சுங்க, அத்தன பேர் முன்னால.

சரி, நான்தான் கோவத்துல போயிட்டன். அவங்க குத்த வேண்டியதுதான? குத்தலீங்க. பூங்கோதை சொல்லிட்டாளாம், “பெரியண்ணன் மடியில உக்காந்தாத்தான் மத்த காது, இல்லீன்னா அந்தக் காது அப்புடியே கெடக்கட்டும்”னு. ஏழு வாரம் ஆச்சுங்க! மொட்டைத் தலையும் ஒத்தைக் காதுல கம்பியுமா அந்தப் புள்ள சுத்துது. ஊர்ல பாக்கறவன் எல்லாம் கேக்கறானாம். அத்தன புடிவாதம் ஒரு பொம்பளைக்கு ஆகுமா? எங்க குடும்பத்துல யாருக்கும் கெடையாது அந்தக் கொணம். எங்கிருந்துதான் வந்துச்சோ தெரியல.

வந்து கூப்பிட்டாளான்னு கேக்கறீங்களா? வந்தா. அஞ்சு தடவை வந்தா. தூங்கறன்னு சொல்லச் சொன்னன். அஞ்சு தடவையும் பகல் பதினோரு மணி. அதுக்கப்பறம் வீடியோ அனுப்பறா. புள்ள கண்ணாடி முன்னால நின்னு கம்பி இருக்கற காதைத் தொடுது, அப்பறம் இந்தக் காதைத் தொடுது, ஒண்ணுமில்ல. மறுபடியும் அந்தக் காது, மறுபடியும் இந்தக் காது. “மாம்மா”ங்குது. எந்த மாமனச் சொல்லுதுன்னு யாருக்குத் தெரியும். பாக்கக் கூடாதுன்னுதான் நெனைக்கறன். தெனமும் பாத்துப் போடறன்.

போன வாரம் தம்பி வந்தான். என்ற பழைய டயரு நாலையும் வேன்ல போட்டுட்டு. ஈரோட்டுக் கடையில தூக்கி எறிஞ்சுட்டு வந்தன்ல, அன்னிக்கே போய் எடுத்து வெச்சிருக்கறானுங்க. பாருங்க, நான் என்ன பண்றன், எங்க போறன்னு உளவு பாத்திருக்கறான். இங்கயே ஜாக்கி போட்டு, இந்த மூணையும் ஸ்டெப்னியையும் கழட்டி, அந்த நாலையும் மாட்டி, உள்ளுக்குப் புது பிளாஸ்டிக்கும் மாட்டுனான். நான் கதவுக்கு உள்ளயே நின்னுட்டிருந்தன். வெளிய போகல. அவன் கழுத்துல நரை உழுந்திருச்சுங்க, நான் பாக்கவே இல்ல. வேலைய முடிச்சுட்டு வண்டிக்குள்ள தொடச்சிருக்கறான். டாஷ்போர்டுக்குள்ள கெடந்த தோட்டுப் பெட்டிய எடுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால, ஏறுனா கண்ணுல படற எடத்துல வெச்சுட்டுப் போயிருக்கறான். இப்புடி ஒருத்தன வெச்சுட்டு எப்புடிச் சண்டை போடறது?

இப்ப மணி என்ன? ஒம்போது அஞ்சா?

நீங்க எத்தன பேருங்க வீட்ல? ஆறு பேரும் அம்மாவும். ஏழு. பண்ணாரி வழியா மலையேறிப் போவீங்களா? மாசம் ஒருக்கா? அப்ப வேண்டாமுங்க. இந்த டயரு உங்களுக்கு வேண்டாம். இடிக்கும். எங்க இடிக்கும்னா, வாங்க, சாக்பீஸ் குடுங்க, காட்டறன். சாக்பீஸ் இல்லீன்னா உடுங்க. ஏழு பேர் ஏறி முழுசா ஒடிச்சீங்கன்னா, சரியா இந்த எடம். யாரு சொன்னான்னு கேக்காதீங்க. தெரிஞ்சவன் சொன்னான். அகலந்தான் வேணும்னா எரநூத்தி நாப்பத்தஞ்சு போடுங்க, சத்தி ரோட்டுல தங்கமுத்துன்னு கேளுங்க. இன்னிக்குப் போகாதீங்க, கடை மூடியிருக்கும்.

இத நான் என்ன பண்ணப் போறனா? உள்ள சிமெண்டக் கரைச்சு ஊத்தி, நடுவுல பைப்ப நிறுத்துனா பந்தக்காலுக்கு ஆச்சுங்க. எந்தக் காத்துக்கும் சாயாது. அகலமா இருக்கறதுக்கு அங்கதான் வேலை. ஓடற எடத்துல இல்ல.

உங்கள வெறுங்கையோட அனுப்பறன்னு வருத்தமா இருக்குதா? ஞாயித்துக்கெழமை வர்றன்னுதான் சொன்னீங்க. நான்தான் வெள்ளிக்கெழமை காலைலயே வரோணும்னு புடிவாதமாச் சொன்னன். பெருந்துறைக்காரர் ஒருத்தர் கேட்டாரு, பவானியில இருந்து ஒருத்தர் கேட்டாரு. அவங்களை எல்லாம் வேண்டாம்னுட்டு உங்கள வரச் சொன்னன். அந்தியூர்னு சொன்னீங்கல்ல, அதான்.

இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க. மத்த காதையும் குத்தறதுன்னு பூங்கோதை நாள் குறிச்சிருக்கறா, கரட்டுக் கோயில்ல ஆசாரி வந்திருப்பாரு. கோகிலா தம்பி வேன்லதான் போயிருக்கறா. என்னைக் கூப்பிடல. எந்திரிச்சு இந்த வேட்டிய எடுத்துக் கட்டில் மேல வெச்சுட்டுப் போயிட்டா.

என்ற வண்டி அங்கதான் நிக்குது, டீசலும் இருக்குது. ஆனா அதுல போய் எறங்குனன்னா எல்லாவனும் குனிஞ்சு பழைய டயரத்தானுங்க பாப்பான். என்ற மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். உங்க வண்டியின்னா ஒருத்தரும் குனிய மாட்டாங்க. நீங்க எப்படியும் அந்த வழியாத்தான் போறீங்க. அந்தியூர் தாண்டி அஞ்சு மைல்தான். கரட்டு மேல கொண்டு போய் உட்டுருங்க, சாப்புட்டுட்டுப் போலாம்.

இருங்க, பூட்டிட்டு வந்தர்றன். தோட்டுப் பெட்டி, இதா, மடியிலதான் இருக்குது. காலைல இருந்தே மடியிலதான் வெச்சிருக்கறன். கெளம்புங்க. நான் முன்னால உக்காந்துக்கறன். பின்னால யாராவது உக்காந்து காதை இழுக்கறதுக்கு இன்னிக்கு ஆளில்ல பாருங்க, திரும்பறப்பப் பாத்துக்கலாம்.

இந்த டயரே போதுமுங்க உங்களுக்கு, மாத்தாதீங்க. வளைவுல மட்டும் மெதுவா ஒடிச்சுப் போங்க, ஒண்ணும் அவசரமில்ல. பத்தரைக்குள்ள போயிட்டாப் போதும். பத்தரைக்குள்ள போயிருவீங்கல்ல?